அறிவைத் தேடும் கருவிகளை அளந்தறியும் முறை

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது இந்திய இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்டுள்ள செய்தி. எனினும், 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மஞ்சள் தூளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறை ஒன்றிற்கு அமெரிக்க நாட்டில் பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை வழங்கப்பட்டது. ஒரு முறை புதியதாக இருந்தால்தான் அதற்குக் காப்புரிமை கிட்டும். ஆகையால், விண்ணப்பம் ஒன்று வந்ததும், அதில் கூறப்பட்ட செய்தி முன்னரே எங்கேனும் வெளியாகியுள்ளதா என்று தேடிப் பார்ப்பது அலுவலரின் கடமை. மஞ்சளைப் பொறுத்தவரை, தடையாகத்தக்க சான்று அத்தேடலில் அகப்படவில்லை என்பது உரிமை வழங்கப்பட்டதிலிருந்தே பெறப்படும்.

இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் மறு ஆய்வு கோரியது. பழைய நூல்களிலிருந்தும் சஞ்சிகைகளிலிருந்தும் திரட்டிய 32 சான்றுகளை அது முன்வைத்தது. அவற்றுள் சில நூறாண்டுகளுக்கும் முற்பட்டவை. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997இல் அக்காப்புரிமை செல்லாது என்று தீர்மானிக்கப்பட்டது.

சான்றுகள் உலகில் இருந்தன. தேடியவரின் கைக்கு அவை எட்டவில்லை. இவ்வேறுபாட்டை உணராத தேடல் எத்துறையிலும் தவறான முடிவுக்கே வழி காட்டும். மருத்துவர், பொறியியலர், வழக்கறிஞர், ஆராய்ச்சியாளர் ஆகியோர் இன்று தம் தேவைக்குரிய செய்திகளைப் பெரும்பாலும் கணிப்பொறியின் துணைகொண்டே தேடுகின்றனர். அவர்கள் எவ்வாறு தேடுகின்றனர், அவர்தம் கருவிகளின் தரத்தை எவ்வாறு அளந்தறியலாம் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

தொழில் வல்லுநர் தேடும் இயல்பு

தொழில் வல்லுநரின் தேடல், மாணவரின் தேடலினின்றும் வேறுபட்டது. மாணவர் ஒரு பொருளைப் பற்றி அறிந்துகொள்ளத் தேடுகின்றார். வல்லுநரோ ஒரு செயலைச் செய்து முடிக்கத் தேடுகின்றார். பொறியியலர், மருத்துவத் துறையினர், வழக்கறிஞர் ஆகிய மூவகையினரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, லெக்கி, பெட்டிகுரூ, சில்வேன் என்னும் மூவர் 1996இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். வல்லுநர் ஏற்றுள்ள பொறுப்பிலிருந்து பணிகள் தோன்றுகின்றன; பணிகளிலிருந்து தகவல் தேவைகள் தோன்றுகின்றன; தேவைகளிலிருந்தே தேடல் தோன்றுகின்றது என்பது அதன் சாரம். ஒரே மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போது ஒருவகைத் தகவலையும், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது வேறுவகைத் தகவலையும் நாடுவார். ஆகவே, எத்தேவைக்கு என்று கூறாமல் ஒரு கருவியை நல்லது என்றோ தீயது என்றோ கூறுவது பொருந்தாது.

வல்லுநர் தம் தேடலைப் பற்றித் தாமே கூறும் செய்தி எப்பொழுதும் உண்மையோடு ஒத்திருப்பதில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 47 மருத்துவர்களை ஆராய்ந்து கோவெல் என்பவரும் அவர்தம் துணைவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. வாரத்துக்கு ஒரு முறையளவில் தமக்குப் புதுத் தகவல் தேவைப்படுவதாக அம்மருத்துவர்கள் கருதியிருந்தனர். உடனிருந்து நோக்கியபோதோ, மூன்று நோயாளிகளுக்கு இரண்டு வினாக்கள் வீதம் அவர்களிடம் எழுந்தமை புலனாயிற்று. அவ்வினாக்களுள் நூற்றுக்கு 30 மட்டுமே நோயாளியைப் பார்க்கும் நேரத்திலேயே விடை பெற்றன. அச்சிட்ட நூல்களையே நாடுவதாக அவர்கள் கூறியிருந்தனர். உண்மையில் விடைகள் பெரும்பாலும் சக மருத்துவர்களைக் கேட்டே பெறப்பட்டன.

பொறியியலரிடமும் இத்தகைய இயல்பு காணப்பட்டது. கெர்ஸ்ட்பெர்கர், ஆலன் என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொறியியலர் ஒரு தகவல் மூலத்தைத் தேர்ந்தெடுப்பதை முதன்மையாக முடிவு செய்வது அதன் உயர்வு அன்று. அஃது எளிதில் கைக்கெட்டுவதே ஆகும். தகவலைப் பெறுவதிலுள்ள தொல்லை, அதனைப் பெறாமலிருப்பதிலுள்ள தொல்லையைக் காட்டிலும் மிகுந்தால் அத்தகவல் அமைப்பை எவரும் பயன்படுத்தார் என்று கால்வின் மூயர்ஸ் என்னும் அறிஞர் 1960இல் எழுதினார்.

எளிமையை விரும்புவது சோம்பல் என்று இகழத்தக்கதன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவதாக, வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பதை வைத்தார். நோயாளி காத்திருக்கையில் மருத்துவர் பத்துச் சஞ்சிகைகளைப் புரட்ட இயலாது. ஆனால் எளிமையே தரத்தின் அடையாளம் என்று கொள்ளும்பொழுது தீங்கு நேர்கின்றது. விடையை விரைந்து தரும் கருவி, விடையை முழுமையாகத் தரும் கருவியாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

பொறுப்பு இடம் மாறியமை

முற்காலத்தில் இத்தேடலைச் செய்வதற்கெனப் பயிற்சி பெற்ற ஆவணப் பணியாளர் இருந்தனர். 1952இல் புதுதில்லியில் இந்திய தேசிய விஞ்ஞான ஆவண நிலையம் நிறுவப்பட்டது. ஆராய்ச்சியாளர் கேட்கும் பொருளைப் பற்றிய கட்டுரைகளின் பட்டியலைத் தொகுத்தல், கட்டுரைப் படிகளைப் பெற்றுத் தருதல், அயல்மொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்தல் ஆகியவை அதன் பணிகள். அந்நிலையம் 2002இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அவ்வாறு உருவான அமைப்பு 2021இல் மீண்டும் மற்றொன்றுடன் இணைந்து, தேசிய விஞ்ஞானத் தொடர்பு, கொள்கை ஆராய்ச்சி நிலையமாயிற்று.

மருத்துவத் துறையிலும் இம்மாற்றத்தைக் காணலாம். அமெரிக்காவில் 1879இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் என்னும் அச்சு அடைவு, மருத்துவச் சஞ்சிகைகளின் திறவுகோலாக விளங்கியது. 1960களில் அதன் செய்திகள் கணிப்பொறிக்கு ஏற்றப்பட்டன. 1971இல் தொலைவிலிருந்தே தேடத்தக்க மெட்லைன் தோன்றியது. 1997இல் பப்மெட் வழியாக அஃது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதாயிற்று. இதனால் மருத்துவர் நூலகரின் துணையின்றித் தாமே தேடலானார். இது பெரும் நன்மை. எனினும், கருவியின் குறைகளை அறிந்து ஈடுசெய்த இடைப்பணியாளர் விலகியதும், அவ்வறிவைத் தேடுபவரே பெறவேண்டிய நிலைமை தோன்றியது.

தேடலை அளக்கும் இரு அளவுகள்

தேடு கருவியின் தரத்தை அளக்க இரண்டு அளவுகள் வழங்குகின்றன. முதலாவது மீட்பு வீதம். இரண்டாவது பொருத்த வீதம். தொகுப்பில் உண்மையில் உள்ள பயனுள்ள ஆவணங்களுள் எத்தனை பங்கு தேடலில் கிடைத்தன என்பதை மீட்பு வீதம் காட்டும். கிடைத்த ஆவணங்களுள் எத்தனை பங்கு பயனுள்ளவை என்பதைப் பொருத்த வீதம் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு தொகுப்பில் குறித்த பொருளைப் பற்றிய ஆவணங்கள் 50 உள்ளன என்க. தேடலில் 25 ஆவணங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் 20 பயனுள்ளவை. அப்பொழுது பொருத்த வீதம் 25இல் 20, அதாவது நூற்றுக்கு 80; மீட்பு வீதமோ 50இல் 20, அதாவது நூற்றுக்கு 40. தேடியவர் தம் கண்முன் உள்ள 25 ஆவணங்களைப் பார்த்து, பெரும்பாலானவை பயனுள்ளவையாதலால் மகிழ்வார். கிடைக்காத 30 ஆவணங்கள் அவர் கண்ணுக்குப் புலப்படா. பொருத்த வீதத்தைத் தேடியவர் தாமே காண்கின்றார். மீட்பு வீதத்தைத் தனியே முயன்றாலன்றிக் காண இயலாது. தேடு கருவிகளை மதிப்பிடுவதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

இவ்வளவைகளின் அடிப்படையில் முறையான சோதனைகளை நடத்தியவர் இங்கிலாந்தின் கிரான்பீல்டு விமானக் கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் ஆவார். 1958இல் தொடங்கிய முதற் சோதனையில் விமானவியல் பற்றிய 18,000 ஆவணங்கள் நான்கு முறைகளில் அடைவு செய்யப்பட்டன. ரங்கநாதனின் சிந்தனையை ஒட்டிய கூறுமுறைப் பகுப்பு அவற்றுள் ஒன்று. 1,200 வினாக்களைக் கொண்டு தேடியபோது, நான்கு முறைகளும் நூற்றுக்கு 74 முதல் 82 வரையான வெற்றியையே காட்டின. ஒவ்வொரு முறையும் தன்னை ஏனையவற்றினும் மிக உயர்ந்தது என்று கூறிவந்த காலத்தில், அளந்து பார்த்தபோது வேற்றுமை சிறிதாகவே இருந்தமை பலருக்கும் வியப்பளித்தது. மீட்பு வீதத்தைக் கூட்ட முயன்றால் பொருத்த வீதம் குறைவதும், பொருத்த வீதத்தைக் கூட்ட முயன்றால் மீட்பு வீதம் குறைவதும் பொது இயல்பு என்பதும் இச்சோதனைகளால் தெளிவுற்றது.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம், மெட்லைனுக்கு முன்னோடியான தன் கணிப்பொறி அமைப்பை இம்முறையில் சோதித்தது. லங்காஸ்டர் என்பவர் ஏறக்குறைய 300 தேடல்களை ஆராய்ந்து 1968இல் அறிக்கை அளித்தார். மீட்பு வீதம் சராசரியாக நூற்றுக்கு 58 என்றும், பொருத்த வீதம் நூற்றுக்கு 50 என்றும் கண்டறியப்பட்டன. பயிற்சி பெற்றவர் நடத்திய தேடலிலும், பயனுள்ள கட்டுரைகளுள் ஐந்தில் இரண்டு பங்கு தப்பிப் போயின.

இவ்விரு அளவுகளுள் எது முதன்மையானது என்பதைப் பணியே முடிவு செய்யும். மருந்தின் அளவை அறிய விரும்பும் மருத்துவருக்கு நம்பத்தக்க ஒரு மூலம் போதும். அவருக்குப் பொருத்தமே இன்றியமையாதது. ஒரு மருந்தினால் தீங்கு நேர்ந்ததுண்டா என்று தேடும் ஆராய்ச்சியாளருக்கோ, ஒரு முறை புதியதா என்று தேடும் காப்புரிமை அலுவலருக்கோ, தப்பிப்போன ஒரே ஆவணம் முடிவையே மாற்றிவிடலாம். அவர்க்கு மீட்பே இன்றியமையாதது.

மனநிறைவு சான்றாகாது

கிடைத்தவற்றைக் கண்டு மகிழ்வதால் விளையும் மயக்கத்தைப் பிளேர், மேரன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1985இல் வெளியிட்டனர். பெரிய வழக்கு ஒன்றுக்காக ஏறக்குறைய 40,000 ஆவணங்கள், அதாவது 3,50,000 பக்க அளவிலான செய்திகள், முழுமையாகக் கணிப்பொறியில் ஏற்றப்பட்டிருந்தன. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அச்சொல் வரும் ஆவணங்களை அவ்வமைப்பு காட்டவல்லது. வழக்கை நடத்திய வழக்கறிஞர் தமக்கு வேண்டிய தகவல்களுக்கு 51 கோரிக்கைகளை அளித்தனர். பயனுள்ள ஆவணங்களுள் நூற்றுக்கு 75 பங்கேனும் தம் கைக்கு வந்துவிட்டன என்று மனநிறைவு கொள்ளும் வரை தேடல் தொடர்ந்தது.

பின்னர், கிடைக்காத ஆவணங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து ஆராய்ச்சியாளர் சோதித்தனர். பொருத்த வீதம் நூற்றுக்கு 79 ஆக உயர்ந்திருந்தது. மீட்பு வீதமோ நூற்றுக்கு 20 மட்டுமே. நான்கில் மூன்று பங்கு கிடைத்ததாக நம்பியவருக்கு ஐந்தில் ஒரு பங்கே கிடைத்திருந்தது.

இதன் காரணம் கணிப்பொறியின் பழுது அன்று. மனிதர் எழுதும் மொழியின் இயல்பே ஆகும். வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. ஆனால் விபத்துக்குப் பொறுப்பாகக் கூடிய தரப்பினர் தம் கடிதங்களில் ‘விபத்து’ என்னும் சொல்லையே பெரும்பாலும் தவிர்த்து, ‘நிகழ்ச்சி’, ‘நிலைமை’, ‘இடர்ப்பாடு’ என்னும் பொருள்படும் சொற்களால் குறித்திருந்தனர். வேறு சில கடிதங்களில் அதுவும் இல்லை. முந்திய கடிதத்தில் கண்ட பொருள் என்ற அளவிலேயே குறிப்பு அமைந்திருந்தது. விபத்து என்னும் சொல்லைக் கொண்டு தேடியவரிடம் இவை சிக்கவில்லை. எழுதுபவர் எச்சொல்லை வழங்குவார் என்பதைத் தேடுபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் இயலாது.

கருவியின் எல்லை

சொல் பொருந்தினாலும், ஆவணம் கருவியின் எல்லைக்கு வெளியே இருப்பின் அது கிடைக்காது. 2001ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சிக்குத் தாமாக முன்வந்த நல்ல உடல்நலமுள்ள 24 வயதுப் பெண் ஒருவர் உயிர் நீத்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற அவ்வாராய்ச்சியில் ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை அவர் சுவாசத்தின் வழியாக உட்கொண்டிருந்தார். அவருடைய நுரையீரல் பழுதுற்றது. இம்மருந்து 1950களில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு வழங்கப்பட்டது. அது நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கக் கூடும் என்பது அக்காலச் சஞ்சிகைகளிலேயே வெளியாகியிருந்தது.

ஆராய்ச்சிக்கு முன் பப்மெட்டிலும் பாடநூலிலும் தேடல் நடத்தப்பட்டதுண்டு. ஆனால் பப்மெட் அக்காலத்தில் 1966க்குப் பிற்பட்ட கட்டுரைகளையே பெரும்பாலும் உள்ளடக்கியிருந்தது. எச்சரிக்கை அச்சு அடைவுகளின் பக்கங்களிலே தங்கிவிட்டது. இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர், முந்திய இலக்கியத்தைத் தேடியதில் நேர்ந்த குறையையும் சுட்டிக் காட்டினர். மனிதரைக் கொண்டு அங்கு நடைபெற்ற, அரசு நிதியுதவி பெற்ற ஆராய்ச்சிகள் ஏறக்குறைய முழுவதும் அவ்வாண்டு ஜூலையில் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய சஞ்சிகைகளின் கட்டுரை விவரங்கள் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கணிப்பொறியில் சேர்க்கப்பட்டன. எனினும் எந்த ஒரு தொகுப்புக்கும் ஏதேனும் ஓர் எல்லை உண்டு என்பது மாறாத உண்மை.

காலத்தைப் போலவே மொழியும் ஓர் எல்லையாகும். மஞ்சளைப் பற்றிய சான்றுகள் எட்டாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இக்குறையை நீக்க, 2001 முதல் மரபு அறிவு டிஜிட்டல் நூலகம் உருவாக்கப்பட்டது. சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது, தமிழ் முதலிய மொழிகளில் உள்ள ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களின் செய்திகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் படிக்கத்தக்கவாறு அதில் அமைக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் செய்யுளில் கூறப்பட்ட சித்த மருந்தை ஜெர்மன் நாட்டு அலுவலர் தம் மொழியில் தேடிக் காண்பது இதனால் இயல்வதாயிற்று. மூலச் செய்திகளை மொழிபெயர்த்ததோடு நில்லாமல், காப்புரிமை அலுவலகங்கள் வழங்கும் சர்வதேசப் பகுப்பு முறையோடு இணையத்தக்க ஒரு தனிப் பகுப்பு முறையும் வகுக்கப்பட்டது. 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும் இந்நூலகத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த அதனைப் பிறரும் பயன்படுத்த வழி செய்ய 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது.

இல்லாததைக் காட்டும் கருவி

மேற்கூறிய குறைகள் எல்லாம் உள்ளதைக் காட்டாமையால் விளைந்தவை. அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள உரையாடல் கருவிகளில் இதற்கு நேர்மாறான குறையும் காணப்படுகின்றது. அவை இல்லாததையும் காட்டக்கூடும். பெருமளவிலான எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இக்கருவிகள், ஒரு சொல்லின் பின் எச்சொல் வரத்தக்கது என்று கணித்து விடையை இயற்றுகின்றன. இயற்றப்பட்ட வாக்கியம் மொழியளவில் பிழையற்றதாகவும் பொருளளவில் பொய்யாகவும் இருத்தல் கூடும்.

2023ஆம் ஆண்டு ஜூனில் நியூயார்க் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இரு வழக்கறிஞருக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் தாக்கல் செய்த மனுவில் மேற்கோளாகக் காட்டப்பட்ட தீர்ப்புகளுள் சில எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி என்னும் கருவி இயற்றித் தந்தவை. அவை உண்மையான தீர்ப்புகள்தாமா என்று அக்கருவியையே வினவியபோது, ஆம் என்றே அது விடையளித்திருந்தது. சாட்சியின் நேர்மையை அச்சாட்சியையே கேட்டு முடிவு செய்வதற்கு இது நிகராகும்.

இத்தகைய கருவிகள் சில, முதலில் ஆவணத் தொகுப்பில் தேடி, பின்னர் விடையைத் தொகுத்து, மூலங்களையும் சுட்டுகின்றன. இதனால் குறை தணிகின்றது, முற்றும் நீங்குவதில்லை. சுட்டப்பட்ட கட்டுரை உண்மையில் இருக்கலாம்; ஆனால் விடையில் கூறப்பட்ட கருத்து அக்கட்டுரையில் இல்லாமலிருக்கலாம். மேலும், விடை நிறைவுற்ற ஒரு பத்தியாகத் தோன்றுவதால், விடுபட்டவை உண்டு என்னும் ஐயமே எழாமற் போகின்றது.

கருவியைச் சோதிக்கும் படிகள்

ஒரு மருத்துவமனையோ ஆராய்ச்சிக்கூடமோ கல்லூரியோ ஒரு தேடு கருவியை ஏற்பதற்கு முன், கீழ்க்கண்ட சோதனைகளைப் பெரும் செலவின்றியே நடத்தலாம்.

1. பரப்பை அறிதல்: கருவி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எம்மொழிகளில், எவ்வகை வெளியீடுகளை உள்ளடக்கியுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இவ்விவரத்தை வெளியிடாத கருவியில், ‘இல்லை’ என்னும் விடைக்குப் பொருள் ஒன்றும் இல்லை.

2. சொற்களைச் சோதித்தல்: ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் தனித்தனியே கொடுத்து, விளைவு எவ்வளவு மாறுகின்றது என்று பார்த்தல் வேண்டும். நீரிழிவு, சர்க்கரை நோய், மதுமேகம் ஆகிய மூன்றும் ஒரு நோயின் பெயர்களே. மூன்றையும் ஒன்றாகக் கொள்ளும் கருவியில் தேடுவதும், கொள்ளாத கருவியில் தேடுவதும் வேறு வேறு. மருத்துவ அடைவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலைத்த தலைப்பு வகுக்கப்பட்டிருப்பது இக்காரணத்தினாலேயே.

3. அறிந்ததைத் தேடுதல்: துறையில் முதிர்ந்தவர் ஒருவரிடமிருந்து, ஒரு பொருளைப் பற்றிய 20 நல்ல கட்டுரைகளின் பட்டியலைப் பெற்றுக்கொள்ளலாம். கருவியை இயக்குபவர் அப்பட்டியலைப் பாராமல் அப்பொருளைத் தேடுதல் வேண்டும். இருபதில் 9 மட்டுமே கிடைப்பின், மீட்பு வீதம் ஏறக்குறைய நூற்றுக்கு 45 என்று கொள்ளலாம். இது முழுத் துல்லியம் உடையதன்று. எனினும் வெறும் மனநிறைவைக் காட்டிலும் நம்பத்தக்கது.

4. இரு கருவிகளை ஒப்பிடுதல்: ஒரே பொருளை இரு கருவிகளில் தேடுதல் வேண்டும். முதற்கருவியில் 40 பயனுள்ள கட்டுரைகளும், இரண்டாவதில் 30 கட்டுரைகளும் கிடைத்தன என்க. இரண்டிலும் பொதுவாக அமைந்தவை 20. இரண்டாவது கருவி காட்டிய 30இல் முதற்கருவி 20ஐக் காட்டியுள்ளது. ஆகவே அதன் மீட்பு வீதம் மூன்றில் இரண்டு பங்கு எனலாம். அவ்வாறாயின், முதற்கருவி காட்டிய 40, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகும், மொத்தம் 60. இரு கருவிகளாலும் சேர்ந்து கிடைத்தவை 50. எனவே, ஏறக்குறைய 10 கட்டுரைகள் இரண்டிற்கும் தப்பியுள்ளன. குளத்து மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடித்து எண்ணிக்கையை மதிப்பிடும் உயிரியல் முறையும் இதுவே. இரு கருவிகளும் ஒரே தொகுப்பை நம்பியிருப்பின் இக்கணக்கு உண்மையினும் குறைவான எண்ணையே தரும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

5. மூலத்தைத் திறந்து பார்த்தல்: கருவி காட்டும் மேற்கோள்களுள் சிலவற்றையேனும் மூல வெளியீட்டில் எடுத்துப் படித்தல் வேண்டும். அம்மூலம் உள்ளதா என்பது முதல் வினா. கருவி கூறுவதை அம்மூலம் கூறுகின்றதா என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டிற்கும் விடையை அக்கருவியிடமே கேட்டல் ஆகாது.

6. மீண்டும் தேடுதலும் பதிவு செய்தலும்: ஒரே வினாவை வேறொரு நாளில் கொடுத்து, விளைவு மாறுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். தேடிய நாள், கருவி, வழங்கிய சொற்கள், கிடைத்த எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். இப்பதிவு இல்லாத தேடலைப் பிறர் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாதது விஞ்ஞான முறையாகாது.

முடிவுரை

சோதனைச்சாலையில் ஒரு தராசைப் பயன்படுத்துமுன் அதன் பிழையளவு சோதிக்கப்படுகின்றது. வெப்பமானியின் எல்லை இவ்வளவு என்பதை அறியாமல் எவரும் அதனை உலையில் இடுவதில்லை. தேடு கருவியும் ஓர் அளவுகருவியே ஆகும். அஃது அளப்பது உலகில் எழுதப்பட்டுள்ள அறிவை. பிற கருவிகளுக்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டுதல் முறைமை.

ஒரு தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இன்ன கருவியில், இன்ன சொற்களைக் கொண்டு, இன்ன நாளில் தேடியபோது கிடைக்கவில்லை என்று கூறுவதே உண்மையுரை. ‘அத்தகைய சான்று இல்லை’ என்று கூறுவது அதனினும் பன்மடங்கு பெரிய கூற்று; அதனைக் கூறுவதற்குப் பன்மடங்கு உழைப்பும் தேவை. நோயாளிக்குப் புதிய மருந்தைக் கொடுக்கும் முன்னரும், பாலத்தின் வரைபடத்தில் கையொப்பமிடும் முன்னரும், நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்யும் முன்னரும், இவ்விரு கூற்றுகளுள் எது தம்மிடம் உள்ளது என்பதை வல்லுநர் ஒவ்வொருவரும் தமக்குள் வினவித் தெளிதல் வேண்டும்.